குடத்துக்குள் நாலு வழிச் சாலை

வெத்தலைத் தட்டைக் கீழ வச்சிராத பொன்செல்வி, மடியிலயே வச்சிக்க. கீழ வச்சிட்டன்னா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து இந்த வெயில்ல நடந்து வந்திருக்க, மோர் தாரேன், குடி, கேன் தண்ணியில கரைச்ச மோருதான், பயப்படாத. உன் மகளுக்கு ஒம்பது மாசம், பொறக்கப் போற புள்ளைக்குச் சேனை வைக்க இந்தப் பேச்சித்தாயைக் கூப்பிட வந்திருக்க, வரும்போது கையோட ஒரு செம்பு ஓடைத் தண்ணியும் கொண்டாந்திரணும்னு கேக்க வந்திருக்க. எல்லாம் எனக்குத் தெரியும். நான் சொல்லுறதைச் செத்த நேரம் கேளு, பொறவு உன் இஷ்டம்.

இந்தக் குருவியூத்துல முப்பது வருசமாப் பொறந்த புள்ளைக அத்தனைக்கும் நாக்குல முதச்சொட்டு வச்சது இந்தா இந்த ஆள்காட்டி விரலுதான். ஓடையில மோந்த தண்ணியில ஒரு துண்டு கருப்பட்டியைக் கரைச்சு, விரலை முக்கி, புள்ளை நாக்குல தொட்டு வச்சா, வச்சவ கொணம் புள்ளைக்கு வரும்னு நம்ம பக்கம் பூராவும் சொல்லுவாவ, எங்க ஊர்ல அதுக்கு மேலயும் ஒண்ணு சொல்லுவாவ, ஓடைத் தண்ணி நாக்குல பட்டவன் எந்தச் சீமைக்குப் போனாலும் ஊருக்குத் திரும்பிருவான்னு. எனக்கு வாய் கூடுதல், வஞ்சகம் கிடையாது, உடம்புக்கு ஒரு சீக்கு வந்ததில்ல, அதனால சேனைன்னா பேச்சித்தாய்னு ஆகிப்போச்சு. பால்வாடியில ஆயா வேலை பாக்குதேன்லா, நான் சேனை வச்ச புள்ளைகளுக்கு நானே சோறும் பொங்கிப் போட்டு, அதுக என்னை மாதிரியே வாயடிக்கிறதைப் பாத்துப் பாத்து எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு.

நான் பெத்த ஒருத்தனுக்கு மட்டும் அந்தத் தண்ணி வாய்க்கல. ஆசுபத்திரியில வயித்தைக் கீறி எடுத்த புள்ளை, நான் மயக்கத்துல கெடக்கேன், எவளோ ஒரு நர்சு சீனித்தண்ணியைத் தொட்டு வச்சிட்டா. பதினெட்டு வயசுல பம்பாய்க்கு ரயில் ஏறினவன், அவன் அப்பன் செத்ததுக்குக் கூட வரல. அன்னைக்குப் பிடிச்ச பயம் எனக்கு, ஓடைத் தண்ணி படாத நாக்கு ஊரை மறந்துரும், பெத்தவளையும் மறந்துரும்னு. இதை மனசுல வச்சிக்க, நான் பின்னால செஞ்ச கோட்டித்தனத்துக்கு இதுதான் காரணம்.

இந்த நாலு வழி ரோடு வந்து பதினாலு வருசம் ஆச்சு. ரோடு போட வந்தவன் முதல்ல வேட்டு வச்சு, ஓடைக்கரையில நின்ன குருவிப்பாறையைப் பாதியா உடைச்சான், உடைச்ச மண்ணையும் கல்லையும் ஓடைக்குள்ள தள்ளினான், ஓடை ரெண்டு வருசம் டீத்தண்ணி நெறத்துல ஓடிச்சு, குடத்துல பிடிச்சா அரைக்குடம் சகதி. பொறவு ஓடையை ரெண்டு சிமெண்டுக் குழாய்க்குள்ள நுழைய விட்டு, அது மேல ரோட்டைப் போட்டு, ரோட்டுல விழுற மழைத்தண்ணி வடிய ரெண்டு பக்கமும் வாய்க்கா கட்டி, அந்த வாய்க்காலை நேரா ஓடையிலயே கொண்டு விட்டுட்டுப் போயிட்டான். சகதி அடங்கிச்சு, தண்ணி தெளிஞ்சிச்சு, தெளிஞ்சதும் எல்லாம் சரியாப் போச்சுன்னு நாங்க குலவை போட்டுப் பொங்கல் வச்சோம்.

வருசா வருசம் முதல் மழைக்கு, லாரி தேய்ச்ச ரப்பரும், சொட்டின எண்ணெயும், பிரேக்குத் தூளும், புகைக்கரியும் வாய்க்கா வழியா வந்து ஓடை மேல கலர் கலரா மினுங்கும், ரெண்டு நாள்ல போயிரும். முதல்ல அயிரை மீன் போச்சு. மறு வருசம் நத்தை போச்சு. அதுக்கு மறு வருசம் தவளை. கடைசியா தட்டான் போச்சு. வருசத்துக்கு ஒண்ணுன்னு, யார்கிட்டயும் சொல்லிக்காம, பைய பையப் போனதுனால யாரும் அழல, ஓடைக்கரையில கொசு கூடிப்போச்சுன்னு மட்டும் பேசிக்கிட்டோம்.

ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு ஆடிச் செவ்வாய். பக்கத்து வீட்டு மூக்காயி குடத்தைக் கவிழ்த்துக் கழுவப் போனவ, உள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏ பேச்சி, இங்கன வா, குடத்துக்குள்ள ரோடு போட்டிருக்கான்"னு கூப்பிட்டா. வேலிமேல காக்கா உக்காந்திருக்குன்னு சொல்லுற மாதிரிதான் சொன்னா. போய்ப் பாத்தேன். குடத்தோட அடியில, கருப்பா, வழவழன்னு, கட்டை விரல் அகலத்துக்கு ரோடு, நடுவுல மண்மேடு, மேட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு தடம், தடத்துக்குத் தடம் விட்டு விட்டு வெள்ளைக்கோடு, ஓரத்துல மஞ்சக்கோடு. வளைவு வார எடத்துல வெளிப்பக்கம் லேசாத் தூக்கிக்கூட விட்டிருந்துச்சு. என் வீட்டுக்கு ஓடி வந்து என் குடத்தைக் கவுத்தேன். என் குடத்துலயும் இருந்துச்சு, தெருவுல அத்தனை பேர் குடத்துலயும் இருந்துச்சு, கோயில் பூசாரியோட செம்புல ஒரு சின்ன ரோடு, வேலுக்கோனார் மாட்டுத் தொட்டியில ஒரு பெரிய ரோடு.

என்ன செஞ்சோம்னு நெனைக்க? சிரிச்சோம். "ஊருக்குள்ள வார பாதைக்கு ஒரு சட்டி தாரு ஊத்தச் சொல்லி இருவது வருசமா மனுக் குடுக்கோம், ஒரு பய திரும்பிப் பாக்கல, பாருங்கவே, குடத்துக்குள்ள கேக்காமலே நாலு வழிச் சாலை"ன்னு டீக்கடை ஆவுடையப்பன் சொன்னான், ஊரே வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சிச்சு. சிரிச்சு முடிச்ச பொறவு பழகிப்போச்சு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தேங்கா நாரும் புளியும் வச்சுத் தேய்ச்சா ரோடு அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும். உரிச்சதை ஓட்டு வீட்டு ஒழுக்குக்கு ஒட்டுவோம், சைக்கிள் ட்யூப்புக்கு ஒட்டுவோம், அடி தேஞ்ச செருப்புக்கு ஒட்டுவோம். தண்ணியை ஏழு நாளைக்கு மேல ஒரே பாத்திரத்துல வைக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் தானா வந்துச்சு, வச்சா ரோடு குடத்துச் சுவரைப் பிடிச்சு ஏறி, வாயைத் தாண்டி இறங்கி, தரையில கெழக்க பாத்து நாலு வழிச் சாலை இருக்கிற தெசைக்கு நீளும். ஊருக்குப் போன மூக்காயி பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா, அடுக்களையில கெளம்பின ரோடு வாசப்படி வரைக்கும் போயிருந்துச்சு, அதுல எறும்பு சாரை சாரையா இடது பக்கமாவே போயிக்கிட்டு இருந்துச்சு.

அதிகாரிமாரும் வந்தாவ, வராம என்ன. தண்ணிக்காரர் ஒருத்தர் ரெண்டு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போயி, மூணு மாசம் கழிச்சு, எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குன்னு ஒரு காயிதம் அனுப்பினாரு. குடத்துக்குள்ள ரோடு எந்த அளவுக்குள்ள இருக்கணும்னு அதுல போடல. ரோட்டுக்காரர் ஒருத்தர் வந்து, டார்ச் அடிச்சுப் பாத்து, சின்ன அளவுகோலை விட்டு அளந்து, "வேலை சுத்தமா இருக்கும்மா, கோடெல்லாம் சரியா இருக்கு"ன்னு எங்களைப் பாராட்டிட்டுப் போனாரு. காசுள்ளவன் கேன் தண்ணிக்கு மாறினான். குழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்க, அதுவும் வந்தா உண்டு. மத்த எல்லாருக்கும் ஓடைதான். ஆனா ஏழை பணக்காரன் எவன் வீட்டுல புள்ளை பொறந்தாலும் சேனைக்கு மட்டும் ஓடைத் தண்ணி, அதுல மாத்தம் கிடையாது, மாத்த நானும் விட மாட்டேன்.

சுகந்தி என் தம்பி மவ. தாயில்லாப் புள்ளை, ஏழு வயசுல இருந்து என் மடியில வளந்தவ, தூத்துக்குடியில லோடுமேன் வேலை பாக்கிற பையனுக்குக் கெட்டிக் குடுத்தோம். அவ தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தா, வடிவு பொறந்தா, நான் சேனை வச்சேன். "எத்தே, உங்க வாயில பாதி வந்தாப் போதும், எம்புள்ளை எங்கயும் பொழைச்சிக்கிடுவா"ன்னு சிரிச்சா சுகந்தி. மாப்பிள்ளைக்கு அங்கன வீடு அமையாததுனால தாயும் புள்ளையும் என்கூடவே இருந்தாவ. வடிவுக்கு ஒரு வயசு ஆச்சு, அம்மான்னு சொல்லல. ரெண்டு வயசு ஆச்சு, ஒண்ணும் சொல்லல. வாயைத் தொறந்தா உள்ள இருந்து ஒரு இரைச்சல் வரும், காதை வச்சுக் கேட்டா, தூரத்துல லாரி போற சத்தம், பஸ் ஒண்ணு அதை முந்துற சத்தம், மழை நாளா இருந்தா டயரு ஈரத்துல போற சத்தம். ஊசி போட வந்த நர்சம்மா டார்ச் அடிச்சு நாக்கைப் பாத்தாவ. நாக்கோட நடுவுல, நுனியில தொடங்கித் தொண்டைக்குள்ள இறங்கி, நூல் கனத்துக்கு ஒரு ரோடு. நடுவுல வெள்ளைப் புள்ளி புள்ளியா கோடு.

பால்வாடியில இருந்த மத்த புள்ளைக வாயையும் பாத்தா, குடத்துல ரோடு வந்த பொறவு பொறந்த பதினோரு பேருக்கும் அதே ரோடு. எங்க நாக்குலயும் இருக்கு, இந்தா பாரு, ஓரமாக் கொஞ்சம் கருப்பு, ஆனா எங்க நாக்கு பேச்சு ஓடித் தேஞ்ச நாக்கு, ரோடு சரியாப் பிடிக்கல. புள்ளைக நாக்கு புது மண்ணுல்லா.

ஊரு அதுக்கும் பழகிச்சு, அதை நெனைச்சாத்தான் எனக்கு இப்ப வவுறு எரியுது. "எம்புள்ளை டிப்பர் லாரி, உம்புள்ளை வெறும் டெம்போ"ன்னு தாய்மாரு பெருமை பேசினாளுவ. டீச்சர் பேரைக் கூப்பிட்டா ஒவ்வொண்ணும் வாயைத் தொறந்து ஒரு வண்டியை விடும், டீச்சரும் நோட்டுல டிக் போட்டுக்கிடுவாவ. அழும்போது பிரேக்குப் பிடிக்கிற சத்தம், தூங்கும்போது வண்டி நிக்கிற சத்தம். வவுத்து வலின்னு சுருண்டு சுருண்டு படுக்குமே தவிர எங்க வலிக்குன்னு ஒண்ணுக்கும் சொல்லத் தெரியாது. நான் பதினோரு புள்ளைக்கும் சோறு ஊட்டுவேன், பால்வாடிக்குள்ள கண்ணை மூடினா நடு ரோட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கும். என் விரல் வச்ச சேனையாலதான் இதுன்னு ஒரு நாளும் எனக்குத் தோணல. தோணிச்சு, தோணினதை அமுக்கிக்கிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

சுகந்திதான் அமுக்கிக்கிடாதவ. வடிவைத் தூக்கிக்கிட்டுத் திருநெல்வேலிக்குப் போனா, டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ரத்தத்துல ஈயம் கெடக்கு, முதல்ல தண்ணியை மாத்துங்கன்னு சொல்லிட்டாரு. அதோட புள்ளையைத் தூக்கிக்கிட்டுத் தூத்துக்குடிக்கே போயிட்டா. ரெண்டாவது உண்டானதும் ஓடைத் தண்ணியில முகம் கூடக் கழுவல அவ. ஒம்பதாம் மாசம் என் வீட்டுக்கு வந்தவ, பையைக் கீழ வைக்கிறதுக்கு முன்னால சொன்னா, "எத்தே, உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல, அதனால வந்திருக்கேன். ஆனா இந்தப் புள்ளைக்குச் சேனை கிடையாது. ஓடைத் தண்ணி ஒரு சொட்டு படக் கூடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"சேனை வைக்காத புள்ளைக்கு யாரு கொணம்ட்டி வரும்?"

"யாரு கொணமும் வரவேண்டாம். பேசினாப் போதும்."

"ஊரை விட்டுப் போயிருவான்ட்டி. என் மவனைப் பாத்தல்லா?"

"போகட்டும் எத்தே. எங்கயாவது போயி, போன்ல ஒரு வார்த்தை அம்மான்னு கூப்பிடட்டும், நான் காதுல வச்சுக் கேட்டுக்கிடுதேன்."

நான் அவ தலையில கையை வச்சேன். இதே கைதான் பொன்செல்வி.

ஆம்பளப் புள்ளை பொறந்தான். என்னமா அழுதான் தெரியுமா? பிரேக்குச் சத்தம் இல்ல, ஆரன் இல்ல, மனுசப் புள்ளை அழுகை, குவா குவான்னு, தெருவே வாசல்ல வந்து நின்னு கேட்டுச்சு. தாய் வவுத்துலயே ஓடைத் தண்ணி குடிச்சு வந்த புள்ளைக, ஆறு வருசமா எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் அழல. மூக்காயி கேட்டுட்டு முந்தானையை வாயில வச்சு அழுதா. நானும் அழுதேன், ஆனா நான் எதுக்கு அழுதேன்னா, இந்தக் கொரலு ஒரு நாள் ரயில் ஏறிப் போயிருமேன்னு அழுதேன். பாரு, எப்பேர்ப்பட்ட கோட்டிக்காரின்னு.

மூணு நாள் பொறுத்தேன். அதுக்கு மேல முடியல. சத்தியத்தை மீறாமலும் இருக்கணும், சேனையும் வைக்கணும், என்ன வழின்னு யோசிச்சேன், யோசிச்சவளுக்குப் புத்தி இப்படிப் போச்சு. சுகந்தி பயப்படுறது ரோட்டுக்குத்தானே? ரோடு இருக்கிறது அடியிலதானே? ஒரு கண்ணாடிப் பாட்டில்ல ஓடைத் தண்ணியைப் பிடிச்சுத் தொழுவத்துல ஒளிச்சு வச்சேன். ஆறு நாள் ஆடாம அசையாம வச்சேன். ரோடு பூராவும் அடியில படிஞ்சிருச்சு, மேல நின்ன தண்ணி அப்படி ஒரு தெளிவு, அந்தப் பக்கம் இருந்த மாட்டோட கண்ணிமை தெரியுது. அடியைக் கலக்காம மேல் தண்ணியை மட்டும் கரண்டியால மோந்து, ஏழு மடிப்பு வேட்டித் துணியில வடிகட்டி, கொதிக்க வச்சு, ஆற வச்சு, கருப்பட்டி கரைச்சேன். இதுல எங்க இருக்கு ரோடு, இது சுத்தமான தண்ணின்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டேன். தெளிஞ்சிருந்தா நல்ல தண்ணின்னு நெனைக்கிற புத்தி, பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால குலவை போட்ட அதே புத்தி.

நல்ல உச்சி வெயில். சுகந்தி பின்னால குளிக்கப் போயிருந்தா, கேன் தண்ணியிலதான் குளிப்பு. புள்ளை தொட்டில்ல வாயைத் தொறந்து கெடந்தான். ரோசாப்பூ நெறத்துல நாக்கு, ஒரு கீறல் கெடையாது. கிண்ணத்தோட பக்கத்துல போனேன். வடிவு சுவரோரம் சொப்பு வச்சு விளையாடிக்கிட்டிருந்தா. நான் விரலைக் கிண்ணத்துல முக்கினதை அவ பாத்தா.

பாத்தவ எந்திரிச்சா. வாயைத் தொறந்தா. அவ வாயில இருந்து ஒரு ஆரன் வந்துச்சு பாரு, எங்கம்மோ, அதுக்கு முன்னாலயும் அப்படிக் கேட்டதில்ல பின்னாலயும் கேட்டதில்ல, மலையிறக்கத்துல பிரேக்கு போன லாரிக்காரன் குறுக்க நிக்கிறவனைப் பாத்து அடிப்பான்லா, அந்த ஆரன், விடாம, மூச்சு வாங்காம, சுவர்ல மாட்டியிருந்த என் வீட்டுக்காரர் படம் ஆடுற அளவுக்கு. என் கையைப் பிடிச்சு இழுத்தா. என் சேலையைப் பிடிச்சு இழுத்தா. அஞ்சு வயசுப் புள்ளைக்கு எம்புட்டு பெலன் இருக்கும்? "ச்சீ மூதி, தம்பியைப் பயங்காட்டாத, தள்ளிப் போட்டி"ன்னு அவளைத் தள்ளி விட்டேன். தம்பி வந்ததும் பொறாமைன்னு நெனைச்சேன். குப்புற விழுந்து, விழுந்த எடத்துல இருந்தும் அடிச்சிக்கிட்டே இருந்தா. நான் விரலைப் புள்ளை நாக்குல வச்சேன். சப்புக் கொட்டிக் குடிச்சான்.

ஆரன் நின்னு போச்சு. சோப்பு நுரையோட ஓடி வந்த சுகந்தி, என் கையில இருந்த கிண்ணத்தைப் பாத்தா, தரையில கெடந்த வடிவைப் பாத்தா, என்னைப் பாத்தா. ஏச மாட்டாளா, அடிக்க மாட்டாளான்னு நின்னேன். தம்பியைத் தூக்கித் தோள்ல போட்டு, வடிவையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு உள்ள போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பேசல.

நாப்பத்தோராம் நாள் புள்ளை அழுகை நின்னுச்சு. நான் அவ இல்லாத நேரம் பாத்துத் தொட்டில்ல குனிஞ்சு அவன் வாயைத் தொறந்து பாத்தேன். நாக்கு நடுவுல, தலைமுடி கனத்துக்கு, கருப்பா ஒரு கோடு. புதுசாப் போட்ட ரோடுல்லா, பளபளன்னு இருந்துச்சு. காதைக் கொண்டு வச்சேன். ரொம்பத் தூரத்துல, ஏத்தத்துல, ஒரு லாரி கியரு மாத்துற சத்தம் கேட்டுச்சு. எங்களைப் பாத்துத்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு.

இந்தக் கை முப்பது வருசமா வச்சது கொணம்னு நெனைச்சேன் பொன்செல்வி. கடைசி ஆறு வருசம் இந்தக் கை வச்சது என்னன்னு இப்பத் தெரியுது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு இந்தக் கையாலயே சோறு திங்கவும் வேண்டியிருக்கு. நாளைக்குச் சுகந்தி ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டுத் தூத்துக்குடிக்குப் போறா. அந்தா மூட்டை கெட்டி வச்சிருக்கா, உள்ளதான் இருக்கா, நீ வந்தது தெரிஞ்சும் எட்டிப் பாக்க மாட்டா. ஓடைத் தண்ணி பட்ட நாக்கு ஊருக்குத் திரும்பும்னு சொன்னேன்லா. அது பொய்யாப் போயிரணும், இதுக ரெண்டும் இந்தப் பக்கமே திரும்பக் கூடாதுன்னு தெனமும் மாடத்துல வெளக்கு ஏத்திக் கும்பிடுதேன். இந்த வீட்டுல வாயைத் தொறந்து பேசுறது இப்ப நான் ஒருத்திதான்.

ஏன்ட்டி, தட்டைக் கீழ வைக்காதன்னு சொன்னேன்லா? என்ன சொல்லுத, எங்க பக்கத்துக்கு இதெல்லாம் வராது, உங்க கை ராசியான கைன்னா? ஏழு துணியில வடிகட்டினாப் போதும்னா? நானும் அதைத்தான்...

இந்தா, கேட்டியா. வடிவு எந்திரிச்சிட்டா. கதவுநிலையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கா பாரு, உன் தட்டைத்தான் பாக்கா, அன்னைக்குப் பொறவு இன்னைக்குத்தான் வாயைத் தொறக்கா. காதைப் பொத்தாத. நல்லாக் கேளு. ஆரன் அடிச்சா ஓரம் போகணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் அன்னைக்குத் தெரியல. தட்டைத் தூக்கு பொன்செல்வி. விலகிப் போயிரு.